ஒரே பெயர், வெவ்வேறு நோய்கள்: மார்பகப் புற்றுநோயின் மூலக்கூறு அடையாளங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த ஒரு தாய், தம் திசுப் பரிசோதனை அறிக்கையை எங்கள் மேசையின்மீது விரித்து வைத்துக் கேட்டார்: "பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நோய். ஒரே வாரத்தில்தான் இருவருக்கும் அறுவை நடந்தது. கட்டியின் அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். அவருக்கு ஓராண்டு ஊசி போட வேண்டும் என்கிறீர்கள். எனக்குத் தினம் ஒரு மாத்திரை போதும் என்கிறீர்கள். எங்களிடம் வசதி இல்லை என்று தெரிந்துதான் எனக்கு ஊசி எழுதவில்லையா, டாக்டர்?"

அவருடைய ஐயத்தில் தவறேதும் இல்லை. விலை மிகுந்த மருந்தே சிறந்த மருந்து என்றும், கடுமையான சிகிச்சையே முழுமையான சிகிச்சை என்றும் எண்ணுவது இயல்பு. ஆனால் அவருக்குரிய விடை அவர் விரித்து வைத்த அறிக்கையின் கடைசிப் பகுதியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கி-67 என்னும் நான்கு வரிகள் அவை. பெரும்பாலான குடும்பங்கள் படிக்காமல் கடந்துசெல்லும் அந்த வரிகளே இன்று மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கின்றன. அவற்றின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்றில் ஒருவருக்கு மட்டும் ஏன்?

1896-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் வியப்புக்குரிய ஒரு செய்தியை வெளியிட்டார். முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்ணுக்குச் சினைப்பைகளை அகற்றியபோது மார்பிலிருந்த கட்டி சுருங்கியது என்பதே அச்செய்தி. வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்பை அகற்றினால் மார்பிலுள்ள நோய் ஏன் தணிய வேண்டும்? சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் பற்றி அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. பிற மருத்துவர்களும் இம்முறையைக் கையாண்டு பார்த்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பயன் கிடைத்தது. எஞ்சிய இருவர் பயனின்றி ஓர் அறுவையின் துன்பத்தை மட்டும் ஏற்றனர். யாருக்குப் பயன்தரும், யாருக்குத் தராது என்று முன்கூட்டியே அறிய வழியில்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். 1950-களின் இறுதியில், ஈஸ்ட்ரோஜன் சில உயிரணுக்களில் மட்டும் சென்று தங்குவதையும், அவ்வணுக்களில் அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இருப்பதையும் அவர் கண்டறிந்தார். அப்புரதமே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அறிக்கையில் ஈ.ஆர். என்று குறிக்கப்படுவது அதுதான். ஏற்பி உள்ள புற்றணு ஈஸ்ட்ரோஜனை உணவைப்போல் பயன்படுத்தி வளர்கிறது. ஏற்பி இல்லாத அணுவுக்கு அந்த ஹார்மோன் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பீட்சனின் முறையால் சிலர் மட்டும் பயன்பெற்றதற்குக் காரணம் இதுவே.

இந்த அறிவின் பயன் விரைவில் கிட்டியது. முதலில் கருத்தடை மருந்தாக ஆராயப்பட்டு, அந்த நோக்கில் தோற்றுப்போன தமாக்ஸிஃபென் என்னும் மாத்திரை, மார்பக அணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்துவிடும் என்பது தெரியவந்தது. 1977-இல் அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அது ஒப்புதல் பெற்றது. பின்னர் பல்லாயிரம் பெண்களின் தரவுகளை ஒருங்கிணைத்து ஆராய்ந்தபோது ஓர் உண்மை உறுதிப்பட்டது. ஈ.ஆர். உள்ள நோயில் ஐந்தாண்டு தமாக்ஸிஃபென் உட்கொண்டவர்களிடையே, அந்நோயால் நேரும் இறப்பு, முதல் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஈ.ஆர். இல்லாதவர்களுக்கு அம்மாத்திரையால் பயனில்லை. ஆகவே நாளொன்றுக்கு ஒன்றாக, மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் அச்சிறு மாத்திரை, உரியவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையே அன்றி வசதியற்றவர்க்கான மாற்று அன்று.

ஹெர்-2: பகையே இலக்கான கதை

மூன்றாவது வரியான ஹெர்-2 வேறொரு வகைப் புரதம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அணுவின் உட்கருவில் இருக்கிறது. ஹெர்-2 அணுவின் வெளிச்சவ்வில் நின்று "வளர்க" என்னும் ஆணையை உள்ளே கடத்துகிறது. நலமான ஓர் அணுவில் அதற்குரிய மரபணு இரு படிகளாக மட்டுமே இருக்கும். சில புற்றணுக்களில் அம்மரபணு பெருகிப் பல படிகளாகிவிடுகிறது. அதன் விளைவாக அணுவின் மேற்பரப்பில் ஹெர்-2 புரதம் மிகுந்து, வளர்ச்சி ஆணை ஓயாமல் ஒலிக்கிறது.

1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும், இம்மரபணு பெருகிய கட்டிகள் விரைந்து மீண்டு வருவதையும் அப்பெண்களின் ஆயுள் குறைவதையும் நிறுவினர். அன்று அது அச்சந்தரும் செய்தி. ஆனால் மேற்பரப்பில் மிகுந்து நிற்கும் புரதத்தை வெளியிலிருந்தே தாக்கலாம் என்னும் வாய்ப்பும் அதில் அடங்கியிருந்தது. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும்படி உருவாக்கப்பட்ட டிராஸ்டுஜுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அறுவைக்குப்பின் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்தால் நோய் மீள்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பதை 2005-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மிகக் கொடியது எனக் கருதப்பட்ட வகை, நன்கு சிகிச்சையளிக்கத்தக்க வகையாக மாறியது. 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகும் ஒத்த உயிரிமருந்துகள் வந்தபின் அதன் விலையும் கணிசமாக இறங்கியது.

இந்த ஊசி ஹெர்-2 மிகுந்த அணுக்களையே நாடிச் செல்கிறது. ஹெர்-2 மிகாத நோயாளிக்கு இதைச் செலுத்தினால் பயன் கிடைக்காது. செலவு மட்டுமன்றி இதயம் தளரும் வாய்ப்பையும் அவர் வீணே ஏற்க நேரிடும். எதிரே அமர்ந்திருந்த அத்தாயின் அறிக்கையில் ஈ.ஆர். 90 விழுக்காடு என்றும் ஹெர்-2 சுழியம் என்றும் இருந்தது. நிணநீர்க்கணுக்களில் நோய் பரவவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் அறிக்கை இதற்கு நேர்மாறானது. இருவருக்கும் ஒரே சிகிச்சை அளித்திருந்தால்தான் அது அநீதியாகியிருக்கும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மீது இடுகிறோம். புரதம் இருக்குமிடம் பழுப்பு நிறம் பெறும். இதுவே ஐ.எச்.சி. எனப்படும் சோதனை.

ஈ.ஆர்., பி.ஆர். இரண்டிலும் எத்தனை விழுக்காடு புற்றணுக்களின் உட்கரு நிறமேறியுள்ளது என்று எண்ணுகிறோம். ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 'உண்டு' எனக் கொள்ளப்படும். ஒன்று முதல் பத்து விழுக்காடு வரை இருப்பின் 'குறைந்த அளவில் உண்டு' என்று தனியே குறிப்பிடுவோம். அந்நிலையில் மருத்துவர் பிற கூறுகளையும் சேர்த்து எடைபோடுவார். பி.ஆர். என்பது புரொஜெஸ்ட்டிரான் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் வழித்தடம் அணுவுக்குள் உண்மையாகவே இயங்குகிறது என்பதற்கு அது சான்று.

ஹெர்-2 சோதனையின் விடை 0, 1+, 2+, 3+ என நால்வகை. 3+ என்றால் புரதம் மிகுதி. 0, 1+ என்றால் மிகுதி இல்லை. 2+ என்பது இரண்டுங்கெட்டான் நிலை. அப்போது ஃபிஷ் எனப்படும் சோதனையால் மரபணுப் படிகளையே ஒளிரும் புள்ளிகளாக எண்ணிப் பார்க்க வேண்டும். "இன்னொரு சோதனைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்களே" என்று குடும்பத்தினர் தயங்குவதுண்டு. 2+ என்னும் விடையோடு நின்றுவிட்டால் ஊசி தேவையா இல்லையா என்பது முடிவாகாமலே போகும். எனவே அச்சோதனையைத் தவிர்க்க வேண்டாம். 1+ என்பதையும், ஃபிஷ் சோதனையில் பெருக்கம் இல்லாத 2+ என்பதையும் 'குறைந்த ஹெர்-2' என அழைக்கும் வழக்கம் அண்மையில் வந்துள்ளது. பிற உறுப்புகளுக்குப் பரவிய நோயில் இப்பிரிவினருக்கும் பயன்படும் டிராஸ்டுஜுமாப் டெருக்ஸ்டிகான் என்னும் மருந்து 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கி-67, எத்தனை அணுக்கள் பிரிந்து பெருகும் முயற்சியில் உள்ளன என்பதைக் காட்டுகிறது. ஜெர்மனியின் கீல் நகர ஆய்வகத்தில், ஒரு சோதனைத் தட்டின் 67-ஆம் குழியில் கிடைத்த எதிர்ப்பொருள் என்பதால் அதற்கு இப்பெயர். 5 விழுக்காட்டுக்குக் கீழும் 30 விழுக்காட்டுக்கு மேலும் இந்த எண் தெளிவாகப் பேசும். இடைப்பட்ட அளவுகளில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு வரக்கூடும். ஆதலால் 18 என்றும் 22 என்றும் இரு அறிக்கைகளில் மாறியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம்.

துணைவகைகள்

2000-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழுவினர், மார்பகக் கட்டிகளில் பல்லாயிரம் மரபணுக்களின் இயக்கத்தை ஒருசேர அளந்து, அவை தாமாகவே சில குழுக்களாகப் பிரிவதை வெளியிட்டனர். அன்றிலிருந்து மார்பகப் புற்றுநோய் ஒரே நோயாகக் கருதப்படுவதில்லை. அன்றாட மருத்துவத்தில் மேற்சொன்ன நான்கு வரிகளைக்கொண்டே அக்குழுக்களை ஏறத்தாழ அடையாளம் காண்கிறோம்.

லூமினல் ஏ: ஈ.ஆர்., பி.ஆர். நன்கு உண்டு; ஹெர்-2 இல்லை; கி-67 குறைவு. மெதுவாக வளர்வது. ஹார்மோன் சிகிச்சையே இதற்கு முதன்மை. பலருக்குக் கீமோதெரபி தேவைப்படாது.

லூமினல் பி: ஈ.ஆர். உண்டு, ஆனால் கி-67 கூடுதல், அல்லது பி.ஆர். குறைவு, அல்லது ஹெர்-2 மிகுதி. ஹார்மோன் சிகிச்சையுடன் கீமோதெரபியும் பலருக்குச் சேர்க்கப்படும். ஹெர்-2 மிகுந்திருப்பின் அதற்குரிய ஊசியும் உண்டு.

ஹெர்-2 வகை: ஹார்மோன் ஏற்பிகள் இல்லை, ஹெர்-2 மிகுதி. கீமோதெரபியும் ஹெர்-2 ஊசியும் இணைந்த சிகிச்சை.

மும்மை எதிர்மறை: மூன்றும் இல்லை. மேலை நாடுகளில் இது 10 முதல் 15 விழுக்காடு. இந்தியாவில் இதன் பங்கு அதனினும் கூடுதல். விரைந்து வளரும் இவ்வகைக்கு மாத்திரையும் ஹெர்-2 ஊசியும் பயன்படா. ஆயினும் "மூன்றும் இல்லை" என்பதை "வழியே இல்லை" என்று பொருள்கொள்ளலாகாது. கீமோதெரபிக்கு இவ்வகை நன்கு இணங்குகிறது. அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுத்து, அறுத்தெடுத்த திசுவில் புற்றணு எதுவும் எஞ்சவில்லை என்றால் எதிர்காலம் மிகவும் நம்பிக்கைக்குரியது. நோயெதிர்ப்பு மருந்தான பெம்புரோலிஜுமாப் 2021 முதல் தொடக்கநிலை நோயிலும் கீமோதெரபியுடன் சேர்க்கப்படுகிறது. மேலும் இவ்வகையில் நோய் மீளும் வாய்ப்பு முதல் சில ஆண்டுகளிலேயே மிகுதி. ஐந்தாண்டுகளைக் கடந்தபின் பெரிதும் குறைந்துவிடுகிறது.

ஈ.ஆர். உள்ள நோயின் இயல்பு வேறு. இருபது ஆண்டுகள் கழித்தும் அது மீளக்கூடும். "உடம்புதான் நன்றாக இருக்கிறதே" என்று இரண்டாம் ஆண்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறார்கள். உடல் வெம்மை, மூட்டுவலி, மாதவிடாய்த் தொல்லை எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உள்ளன. மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு கண்டால் தாமதியாமல் வாருங்கள். எக்காரணங்கொண்டும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

ஒரு புட்டியின் கதை

இந்தச் சோதனைகள் அனைத்தும் ஓர் எளிய செயலைச் சார்ந்திருக்கின்றன. அறுத்தெடுத்த திசு எந்தத் திரவத்தில், எவ்வளவு விரைவில் இடப்பட்டது என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்தார். அவ்வூரில் கட்டியை மட்டும் அகற்றி, சலைன் நீர் நிரப்பிய புட்டியில் இட்டு, கணவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தனர். அவர் அதை ஓரிரவு வீட்டில் வைத்திருந்து, மறுநாள் பேருந்தில் கொண்டுவந்து சேர்த்தார். சோதனையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே இல்லை என்று வந்தது. மும்மை எதிர்மறை என எழுதிக் கையொப்பமிட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அதே தகட்டில் கட்டியின் அருகே நலமான பால்நாளங்களும் இருந்தன. நலமான நாளங்களின் சில அணுக்களிலாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயல்பாகவே இருக்கும். அவை பழுப்பேறியிருக்க வேண்டும். அவையும் வெளிறிக் கிடந்தன. நலமான அணுவே நிறமேறாத தகட்டில் புற்றணு நிறமேறவில்லை என்பதற்குப் பொருளில்லை. திசு கெட்டு, சோதனை தோற்றிருந்தது. முடிவை நிறுத்திவைத்தோம். அப்பெண்ணுக்கு எஞ்சிய அறுவை நடந்தபோது அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க்கணுவில் நோய் இருந்தது. அதை உடனே ஃபார்மலினில் இட்டுச் சோதித்தோம். ஈ.ஆர். பெரும்பாலான அணுக்களில் அடர்ந்து நிறமேறியிருந்தது. கீமோதெரபி முடிந்தபின் அவர் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கினார். முதல் அறிக்கையை நம்பியிருந்தால் அந்த மாத்திரை அவருக்கு எழுதப்பட்டே இராது.

அக்கணவர் தம்மால்தான் கெட்டுவிட்டது என்று மனம் வருந்தினார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஆகையால் இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறோம்: அகற்றிய திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காடு ஃபார்மலின் கரைசலில் மூழ்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரமும், மிகினும் 72 மணி நேரமும் அதில் இருக்கலாம். சலைன், வெறும் நீர், ஈரத்துணி எதுவும் உதவாது. வீட்டுக் குளிர்பெட்டியில் வைப்பதும் தீர்வாகாது.

பிற புற்றுநோய்களில்

உறுப்பின் பெயரைவிட மூலக்கூறின் பெயர் முதன்மை பெறும் இம்முறை மார்பகத்தோடு நிற்கவில்லை. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9, 22 ஆகிய இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறுவதால் பிறக்கும் ஒரு புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்தது. அந்நோயாளிகளின் வாழ்நாளே மாறிப்போனது. நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஆல்க் ஆகிய மரபணு மாற்றங்களைத் தேடுகிறோம். இருந்தால் பலருக்கு மாத்திரையே முதல் சிகிச்சை. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் ராஸ் மரபணு மாறியிருப்பின் சில ஊசிகள் பயன்தரா என்பதை முன்பே அறிந்து தவிர்க்கிறோம். இரைப்பைப் புற்றுநோயில் சிலருக்கு ஹெர்-2 மிகுந்திருக்கும். அவர்களுக்கும் அதே டிராஸ்டுஜுமாப் பயன்படுகிறது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

அறுவைக்கு முன்பே, "திசுவை ஃபார்மலினில் இடுவீர்களா? எந்த ஆய்வகத்துக்கு, எப்போது செல்லும்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் உள்ளனவா என்று பாருங்கள். ஹெர்-2 2+ என்றிருந்தால் ஃபிஷ் சோதனையின் விடை வந்ததா என்று கேளுங்கள்.

வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்க விரும்பினால் அறிக்கை மட்டும் போதாது. கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் எழுத்துவழிக் கேட்டுப் பெறலாம். மெழுகுக் கட்டியை வெயிலிலும் வெப்பத்திலும் வைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது பயன்படும்.

நோய் மீண்டாலோ பரவினாலோ புதிய இடத்திலிருந்து மீண்டும் திசு எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். ஏற்பிகள் மாறியிருக்கக்கூடும், அதற்கேற்ப மருந்தும் மாறும்.

இளம் வயதில் நோய் வந்தவர்கள், மும்மை எதிர்மறை வகையினர், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் உடையவர்கள் ஆகியோர் பிராக்கா-1, பிராக்கா-2 மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அம்மாற்றத்தைத் தாய் மட்டுமன்றித் தந்தையும் பிள்ளைகளுக்குத் தரக்கூடும். எனவே தந்தைவழி அத்தை, பாட்டியின் நோய் வரலாற்றையும் மறவாமல் சொல்லுங்கள்.

நாம் தொடக்கத்தில் சொன்ன தாய் அன்று அறிக்கையை மடித்துப் பையில் வைக்குமுன் ஈ.ஆர். என்ற வரியைத் தம் மகளிடம் காட்டி, "இது இருப்பதால்தான் மாத்திரை" என்றார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிச் செல்கிறார். பக்கத்துப் படுக்கை அம்மாவும் தம் ஓராண்டு ஊசியை முடித்துவிட்டார். வெளிநோயாளர் பிரிவில் சந்திக்கும்போது இருவரும் ஒருவர் நலனை மற்றவர் கேட்டறிந்துகொள்கிறார்கள். மருந்தைப் பற்றி அவர்களுக்குள் இப்போது ஐயமில்லை.